காருக்குத் தரை, காலிழந்தவனுக்கு மாடி!

தரமணிக்கு வாருங்கள், தோழர்களே! 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்கா அங்கே தலைநிமிர்ந்து நிற்கிறது. உள்ளே நுழைந்தால் லிப்ட். பொத்தானைத் தொட்டால் மேலே. மறுபடி தொட்டால் கீழே. நல்லது, மகிழ்கிறோம்.

அந்தச் சாலையை விட்டுத் தெருவுக்குள் திரும்புங்கள். வீட்டின்மேல் வீடு, அதன்மேல் வீடு. ஒருவர் இறங்கினால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய குறுகிய படி; ஏணி போன்ற செங்குத்துப் படி. மூன்றாம் மாடிச் சன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, யார் அவர்? கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து காலிழந்தவர். ஊருக்கெல்லாம் மாடி கட்டியவர், தம் வீட்டு மாடியிலிருந்து இறங்க நான்கு ஆள் தேடுகிறார்! பகலில் ஆளெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரி திறந்திருப்பதோ பகலில். அந்தோ, குற்றம் செய்யாமலே சிறை!

இவர் ஒருவரா? முழங்கால் தேய்ந்த மூதாட்டி, போலியோவில் கால் சூம்பிய இளைஞன், நிறைமாதக் கர்ப்பிணி, 30 கிலோ எடையுள்ள கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி ஏறும் தொழிலாளி — இத்தனை பேருக்கும் அந்தப் படிதான் பகைவன். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். முதுமையால் முடங்கியவர் எத்தனையோ!

சரி, தரைத்தளம் காலியாகத்தானே இருக்கும், அங்கே அவரைக் குடிவைக்கக் கூடாதா என்பீர்கள். புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளைப் பாருங்கள். தரையில் வெறும் தூண்கள், ஸ்டில்ட் என்கிறார்கள். தூண்களுக்கிடையே யார் குடியிருக்கிறார்? காரும் ஸ்கூட்டரும்! மனிதனின் குடியிருப்பு முதல் மாடியிலிருந்துதான் தொடங்குகிறது. வண்டி நிறுத்த இடம் விடாவிட்டால் கட்டட அனுமதி கிடையாது, விதி அப்படி. நடக்க முடியாதவனுக்கு இடம் விடாவிட்டால்? கேட்பாரில்லை. உருளச் சக்கரம் உள்ள காருக்குத் தரை, காலிழந்தவனுக்கு மாடி! என்னே நீதி!

சட்டம் இல்லையா? இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறியது. பொதுக் கட்டடம் எது என்று அது நீண்ட பட்டியல் தருகிறது. பள்ளி உண்டு, பணியிடம் உண்டு, மருத்துவமனை உண்டு, ரயில் நிலையம் உண்டு. வாடகை வீட்டு மாடிப்படி அங்கே இல்லை! அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தருகிறது 37ஆம் பிரிவு. எத்தனை வீடு என்று சொன்ன சட்டம், எந்த மாடி என்று சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின்கீழ் வந்த அணுகல் விதியிலும் கட்டாயம் போதவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 8 அன்று அதைச் செல்லாதென்று கூறி, மூன்று மாதத்திற்குள் கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. கொத்தனார் மூன்றாம் மாடியில் இருக்கிறார்.

அமெரிக்காவில் 1988இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. நான்கு வீடுகளுக்குக் குறையாத புதிய கட்டடத்தில் லிப்ட் இருந்தால் எல்லா வீடும், லிப்ட் இல்லையென்றால் தரைத்தள வீடுகளாவது, சக்கர நாற்காலி நுழையும்படி இருக்க வேண்டும். கழிவறைச் சுவர் கைப்பிடி பொருத்தத் தக்க உறுதியோடு இருக்க வேண்டும் என்றது. அங்கும் ஒரு சந்து உண்டு. வீட்டுக்குள்ளேயே படி வைத்து இரண்டு மூன்று அடுக்காகக் கட்டி, லிப்ட் வைக்காமல் விட்டால் விதி பொருந்தாது! பணக்கார நாட்டிலும் படிக்கட்டு தப்பித்துக்கொண்டது.

"ஏழை நாட்டில் லிப்டுக்கு எங்கே போவது?" என்று கேட்கிறார் மேதாவி ஒருவர். சிங்கப்பூரைப் பாரும், ஐயா! அங்கே பழைய அரசுக் குடியிருப்புகளில் சில மாடிகளில் மட்டுமே லிப்ட் நின்றது. 2001 முதல், செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்று, மாடிதோறும் நிற்கும்படி மாற்றினார்கள். நம் தமிழர்களும் அந்த வீடுகளில் வாழ்கிறார்கள்.

லிப்ட் வைக்க முடியாத இடத்தில் சாய்தளமாவது வைக்கலாமே? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. பத்தடி உயர மாடிக்கு 120 அடி வேண்டும், தெருவே போதாது. ஆனால் வெள்ளத்துக்கு அஞ்சி இரண்டடி உயர்த்திய பேஸ்மட்டத்துக்கு 24 அடி போதும், மடக்கியும் கட்டலாம். ஆகவே, லிப்ட் இல்லாத வீட்டில் மாற்றுத்திறனாளிக்கு வழி தரைத்தளம் ஒன்றுதான். 2015இலும் 2023இலும் கண்டதுபோல வெள்ளம் புகும் தாழ்ந்த பகுதியா? அங்கே மாடிதான் பாதுகாப்பு என்றால் லிப்ட் வைத்தே தீர வேண்டும்.

1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. தீப்பிடிக்கும் ஓலைக் குடிசையிலிருந்து ஏழை மாடி வீட்டுக்கு வந்தான். அது வரலாறு, பெருமைதான். அன்று முப்பது வயதில் லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குக் குடியேறியவருக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. வீடு மாறவில்லை, படி மாறவில்லை, கால் மாறிவிட்டது! 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்று பெயர் தந்தவரும் கலைஞரே. தம் இறுதி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே நாட்டைச் சுற்றியவர். பெயர் மாறியது. இனிப் படியும் மாற வேண்டும்.

நாம் கேட்பவை மூன்று. லிப்ட் இல்லாத புதிய அடுக்குமாடி எதுவாயினும், காருக்கு ஒதுக்கும் தரையில் ஒரு வீடாவது மனிதருக்கு ஒதுக்கு! வாரியக் குடியிருப்பில், ஏற முடியாதவர் கேட்டால் கீழ்வீட்டை மாற்றிக்கொடுக்க விதி செய்! பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது லிப்ட் வை. வைத்ததை ஓடவும் வை! பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குகளில் லிப்ட் பழுதென்று மக்கள் முறையிட்டதை ஏடுகளில் படித்தோம். ஓடாத லிப்ட், படியைவிடக் கொடுமை.

கடைசியாக நம் தோழர்களுக்கு ஒரு சொல். தேர்தல் வந்தால் மூன்று மாடியும் ஏறி ஓட்டுக் கேட்கிறோம். ஏறும்போது மூச்சு வாங்குகிறது; இறங்கியதும் மறந்துவிடுகிறோம். மேலே இருக்கும் அந்த முதியவரோ இறங்க முடியாததால் மறக்க முடியாதவர். ஓட்டில்லாத நாளிலும் ஒருமுறை ஏறுங்கள். எந்த வீட்டில், எந்த மாடியில், யார் முடங்கியிருக்கிறார் என்று வட்டந்தோறும் பட்டியல் எடுங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025இல் தமிழகச் சட்டமன்றம் வழி செய்தது. பட்டியலை அவர்கள் கையில் கொடுங்கள், மன்றத்தில் படிக்கட்டும். மாடி ஏற முடியாதவரின் குரலாவது மன்றம் ஏறட்டும்!