குதிரையில்லா வண்டியைச் செய்தது யார்?

தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் அங்கே இருக்கும் நடுகற்களைப் பார்த்திருப்பார்கள். கவர்ந்து போன மாடுகளை மீட்கச் சண்டையிட்டு உயிர்விட்ட வீரர்களுக்கு ஊர் எடுத்த கல். வீரனின் உருவத்தோடு, அவன் யார், எதற்காக இறந்தான் என்று சில வரிகளையும் பல கற்களில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருஷம் தாண்டியும் அந்தச் சாதாரண மனிதர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், கல்லும் பெயரும் பிரியாமல் இருந்ததுதான் காரணம்.

இயந்திரங்களுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. வண்டி ஒரு பக்கம் போய்விடும், செய்தவர் பெயர் இன்னொரு பக்கம் போய்விடும். அமெரிக்காவின் ஆரம்ப கால கார் ஒன்றுக்கே இந்த நிலை வரப் பார்த்தது.

அந்தக் கார், பார்ப்பதற்கு கார் மாதிரியே இருக்காது. நம்மூர் குதிரை வண்டியில் குதிரையை மட்டும் அவிழ்த்துவிட்டது போல இருக்கும். உண்மையில் அது குதிரை வண்டிதான்! மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், சைக்கிள் தொழிலில் இருந்த சார்லஸ் டூரியா, பிராங்க் டூரியா என்ற அண்ணன் தம்பி, 70 டாலருக்குப் பழைய குதிரை வண்டி ஒன்றை வாங்கினார்கள். அதில் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தினார்கள். 1893 செப்டம்பரில் அது தெருவில் ஓடியது. 'குதிரையில்லா வண்டி' என்று அந்தக் காலத்தில் இவற்றைச் சொன்னது வெறும் வர்ணனை இல்லை.

அடுத்த வண்டி இன்னும் மேம்பட்டது. 1895 நவம்பரில் சிகாகோவில் நடந்த பந்தயத்தில், பனி கொட்டிக் கிடந்த பாதையில், பிராங்க் அதை ஓட்டி முதலில் வந்தார். சுமார் 54 மைல் தூரத்தைக் கடக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்று தர்மபுரியிலிருந்து சேலம் போய்த் திரும்பும் தூரத்தைவிடக் குறைவுதான். ஆனால் அந்த வெற்றி வியாபாரத்தைத் திறந்துவிட்டது. 1896-ல் ஒரே மாதிரியாக 13 கார்களைச் செய்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சண்டை. 'இதைச் செய்தது யார்?' என்ற ஒரே கேள்வி அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டது. யோசனையைத் தொடங்கியதில் சார்லஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வண்டி முடிவதற்கு முன்பே அவர் இல்லினாய் மாநிலத்துக்குப் போய்விட்டார். பட்டறையில் நின்று, இன்ஜினைத் திருத்தித் திருத்தி, தெருவில் ஓட வைத்தவர் தம்பி பிராங்க். பெயர் என்னவோ நெடுங்காலம் அண்ணனுக்கே போனது. சார்லஸ் 1938-ல் இறந்தார். பிராங்க் 1967 வரை, 97 வயது வரை வாழ்ந்து தன் பங்கைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சண்டைக்குச் சாட்சியான அந்த முதல் வண்டி? 1894-ல் ஓரங்கட்டப்பட்டு 26 வருஷம் ஒரு கிடங்கில் கிடந்தது. 1920-ல் இங்கிலிஸ் அப்பர்கியூ என்பவர் அதை மீட்டு அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பின்னாளில் ஸ்மித்சோனியன் நிபுணர்கள் அதைச் சீரமைத்தார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால், மிஞ்சியிருப்பது இரண்டு பேரின் வாய்ச்சொல் மட்டும்தான்.

இதே கதையின் தமிழ்நாட்டு அத்தியாயம் சென்னை மவுண்ட் ரோட்டில் இருக்கிறது. 1840-ல் தொடங்கிய சிம்சன் நிறுவனம், துரைமார்களுக்கும் ராஜாக்களுக்கும் சாரட்டு வண்டி செய்து பெயர் வாங்கியது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன், 1903-ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் நீராவி கார் அதுதான் என்று சொல்கிறார்கள். 1905-ல் அதே நிறுவனம் நீராவி பஸ்ஸும் செய்தது. அது பெஸவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே ஓடியது. அந்த சிம்சன்தான் பிற்காலத்தில் டீசல் இன்ஜின் செய்யத் தொடங்கியது. நம் ஊர் நிலங்களில் உழுத மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் பலவற்றில் துடிப்பது சிம்சன் இன்ஜின். சாரட்டில் தொடங்கிய பட்டறை, ஏர் உழவு வரை வந்துவிட்டது. ஆனால் டாடா, ஃபோர்டு என்று சொல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு சாமுவேல் ஜான் கிரீன் என்ற பெயர் தெரியும்?

பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அரூரிலோ, வீட்டுக் கொட்டகையில் தாத்தாவின் அம்பாஸடரோ ஜாவாவோ புல்லட்டோ தார்ப்பாயின் கீழ் நிற்கலாம். அதைச் சீர் செய்ய ஆசை இருந்தால், பளபளப்பான பெயின்ட்டை யோசிப்பதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன.

முதலில், இருக்கிற நிலையிலேயே எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண் தகடுகளைச் சுரண்டாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். ஆர்.சி. புத்தகம், பழைய பில் எதையும் விடாதீர்கள்.

இதில் சட்டப்படியும் லாபம் உண்டு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் கடந்த கார், இருசக்கர வாகனங்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆசைக்காக வேறு இன்ஜின் ஏற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். வின்டேஜ் வண்டியை வாடகைக்கோ தினசரி ஓட்டத்துக்கோ பயன்படுத்தவும் முடியாது.

கடைசியாக ஒன்று. வண்டியை யார் வாங்கினார், எந்த வருஷம், எந்த மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டார் என்பதை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, அந்தப் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். பெயின்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். பெயரைச் சொல்லத் தெரிந்தவர்தான் எப்போதும் இருக்கமாட்டார்.