ஆறாத புண்ணும் கேட்க வேண்டிய கேள்வியும்



அமெரிக்காவின் அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸ் நகரத்துப் பெண் ஒருவரிடம் 2015-இல் முதன்முதலாக அறியப்பட்டது ‘அலாஸ்காபாக்ஸ்’. பெரியம்மை வைரஸின் உறவுக்கார வைரஸ் இது. காட்டில் திரியும் சிறு எலிகளிடமும் மூஞ்சூறுகளிடமும் காணப்படுகிறது. 2024 தொடக்கம் வரை ஏழு பேரிடம் பதிவானது. ஆறு பேர் ஃபேர்பேங்க்ஸ் வட்டாரத்தினர்.

ஏழாமவர் கீனாய் தீபகற்பத்து முதியவர். புற்றுநோய்ச் சிகிச்சையால் நோய் எதிர்ப்பு குன்றியவர். 2023 செப்டம்பரில் அக்குளில் ஒரு சிவந்த கொப்புளம். பாக்டீரியா தொற்று என்று எண்ணி ஆன்டிபயாடிக் தரப்பட்டது, பலனில்லை. அவர் பராமரித்த தெருப்பூனை எலி பிடிக்கும்; அவரைப் பிறாண்டியும் இருக்கிறது. தொற்று அவ்வழியே வந்திருக்கலாம் என்பது அதிகாரிகளின் கணிப்பு. 2024 ஜனவரியில் அவர் இறந்தார். இந்நோயின் முதல் பலி அதுவே.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவியதாகப் பதிவில்லை, பீதி தேவையில்லை. ஆனால் பெரியம்மை ஒழிந்து தடுப்பூசியும் நின்றபின் பிறந்தவர்களுக்கு, இவ்வகை வைரஸ்களுக்கு எதிராக அது தந்த பாதுகாப்பும் இல்லை. ஆகவே, ஆறாத புண்ணோடு வருபவரிடம் “வீட்டில் பிராணி உண்டா, காட்டுப் பக்கம் போனீர்களா?” என்று மருத்துவர்கள் தவறாமல் கேட்க வேண்டும். பிராணிகளைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுவதை நாமும் வழக்கமாக்குவோம்.

– ஒரு வாசகர்