வழக்குத் தொடுப்பது துரோகமா?

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஆசிரியர்கள் கூடுமிடங்களில் அடிக்கடி ஓர் அறிவுரை காதில் விழுகிறது: "அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசாங்கத்தின்மீதே வழக்கா? பேசாமல் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார்." இதனைப் பணிவு என்று ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பளிக்காமல் அரசாங்க ஊழியரைப் பணிநீக்கமோ பதவிக் குறைப்போ செய்யலாகாது என்கிறது நம் கூட்டரசு அரசியலமைப்பின் 135(2)ஆம் பிரிவு. குற்றவியல் வழக்கில் குற்றம் நிரூபணமானவருக்கு இப்பாதுகாப்பு இல்லை. அவ்விதிவிலக்கில் சிக்கியவர்தான் டான் டெக் செங். நம்மைப் போல் தொடக்கப்பள்ளி ஆசிரியர். கெடாவில் துணைத் தலைமையாசிரியராக இருந்தவர். 3,179 ரிங்கிட் தொடர்பான நம்பிக்கை மோசடி வழக்கில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி, நன்னடத்தைப் பிணையில் விட்டது. ஆயினும் கல்விச் சேவை ஆணையம் அவரை வேலையிலிருந்தே நீக்கியது. அவர் வழக்காடினார். 1996இல் வெளிவந்த மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு, பணிநீக்கம் மிகையான தண்டனை எனக் கூறி அதனைப் பதவிக் குறைப்பாக மாற்றியது. அரசியலமைப்பு காக்கும் 'உயிர்' என்பதில் பிழைப்பும் அடங்கும் என்றார் நீதிபதி கோபால் ஸ்ரீராம். (தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இதைச் சொல்ல ஒரு தீர்ப்பு வேண்டியிருந்ததா?)

"நீதிமன்றம் புகுந்தால் ஒழுங்கு கெடும்" என்போர் கவனிக்க: அவர் தண்டனையின்றித் தப்பவில்லை. தண்டனை குற்றத்தின் அளவுக்குக் குறைக்கப்பட்டது, அவ்வளவே.

அதற்கும் முன்னர், 1958இல் நீக்கப்பட்ட காவல்துறை இன்ஸ்பெக்டர் சுரிந்தர் சிங் கண்டா இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார். அவரைக் குறைகூறிய அறிக்கை விசாரணை அதிகாரியிடம் இருந்தது, அவருக்கோ காட்டப்படவில்லை. 1962இல் அந்நீக்கம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று.

இனி நம் நிலை. 1993ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகளின்படி, பணிநீக்கம் வரை போகக்கூடிய குற்றச்சாட்டுக்குப் பதிலெழுத 21 நாள் உண்டு. பெரும்பாலும் அந்த எழுத்துப் பதில் ஒன்றுதான் நம் வாய். அதில் "மன்னிக்கவும், இனி நடக்காது" என்று எழுதினால் அது பணிவாகக் கோப்பில் ஏறாது, ஒப்புதலாகவே ஏறும். பணிநீக்கமானால் ஓய்வூதியமும் போய்விடும். வீட்டுக் கடனை அறிவுரை சொன்னவரா கட்டப்போகிறார்?

அந்த மலாய்க் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். சான்றுகளின் நகலைக் கேளுங்கள். ஆசிரியர் சங்கத்தையோ வழக்கறிஞரையோ பார்த்தபின் கையொப்பமிடுங்கள். முடிவு பாதகமானால், நீதிமன்ற மறுஆய்வு கோர மூன்று மாதமே அவகாசம்; பள்ளி விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.