மொட்டைக் கடிதமும் மாணவர் குரலும்

சென்னை ஐஐடி-யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் 2015 மே மாதம் ரத்தானது. அம்பேத்கரின் சிந்தனை இன்றைக்கு ஏன் தேவை என்று பேசும் துண்டறிக்கை ஒன்றை மாணவர்கள் அச்சிட்டிருந்தார்கள்; மோடி அரசின் கொள்கைகளை அது கடுமையாக விமர்சித்தது. பிரதமர் மீது வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மொட்டைக் கடிதம் போனது. அமைச்சகம் ஐஐடி-யிடம் கருத்துக் கேட்டது, அங்கீகாரம் போயிற்று. தங்களை அழைத்து விசாரிக்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியபின், ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. கிடைத்துவிட்டதே என்று இதை விட்டுவிட முடியாது. வளாகங்களில் பேச்சுரிமை பெரும்பாலும் பறிபோவது தடியடியால் அல்ல, இப்படிப்பட்ட நிர்வாக உத்தரவுகளால்தான்.

அனுமதியின்றி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தியதே குற்றம், பேச்சை யாரும் தடுக்கவில்லை என்பது நிர்வாகத் தரப்பின் வாதம். பெயரைப் பயன்படுத்த விதி இருப்பதில் தவறில்லை. ஆனால், அதை மீறியதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போதாதா? அங்கீகாரம் இல்லாத அமைப்புக்குக் கூட்டம் நடத்த அரங்கு கிடைக்காது, அறிவிப்புப் பலகையில் இடம் கிடைக்காது. தனி ஆளாகப் பேசிக்கொள்ளலாம் என்பது, கூடிப் பேசாதே என்பதற்குச் சமம். அரசமைப்பின் 19(1) பேச்சுரிமையோடு சங்கம் சேரும் உரிமையையும் தருகிறது. பேச்சுக்குக் கட்டுப்பாடு விதிப்பதற்கான காரணங்களை 19(2) வரிசைப்படுத்துகிறது. ஆட்சியாளர் மீதான விமர்சனம் அந்த வரிசையில் இல்லை.

மொட்டைக் கடிதத்தின் பேரில் நடவடிக்கை கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. அரசு ஊழியருக்குக் கிடைக்கும் இந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்பு மாணவருக்கு ஏன் இல்லை? வரிப்பணத்தில் படிக்க வந்தவர்களுக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள், 1965-ல் இந்தித் திணிப்புக்கு எதிராகக் கல்லூரிகளிலிருந்து எழுந்த குரல் இந்த மாநில அரசியலையே மாற்றியதை நினைத்துப் பார்க்க வேண்டும். வகுப்பை முடக்குவதும் வன்முறையும் வேறு; அவற்றுக்குச் சட்டம் இருக்கிறது. ஒரு மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தைப் பறிக்கும் முன் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், பதிலைக் கேட்க வேண்டும், மாணவர் பிரதிநிதிகளும் உள்ள குழுவிடம் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும். இவற்றை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதிமுறையிலேயே எழுதி வைக்கட்டும்.