தறிச் சொற்கள் எழுத்தில் ஏற வேண்டும்

பட்டுச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக, இருவர் சேர்ந்து மூன்று நாடா ஓட்டி நெய்வது கோர்வை. உடல் பாவோடு முந்திப் பாவை இழை இழையாகப் பிணைத்து நிறத்தை மாற்றுவது பெட்னி. கரைப்பூவை நூல்கட்டாகக் கட்டிவைத்தது அடை. ஜக்கார்டு கருவி வந்ததும் அடை இருந்த இடத்தைத் துளையிட்ட அட்டை பிடித்தது. இப்போது மின்னணு ஜக்கார்டு அந்த அட்டையையும் இறக்கிவருகிறது. கருவி போனால் அதன் சொல்லும் போகும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரான்சில் பிறந்த ஜக்கார்டின் பெயரையே தறிக்காரர்கள் தமிழாக்கிக்கொண்டார்கள். ஆனால் கோர்வையும் பெட்னியும் காஞ்சிபுரத்து ஐயம்பேட்டை போன்ற நெசவூர்களின் தொழில். அவை பேச்சில் புழங்கும் அளவுக்கு எழுத்தில் இல்லை. எழுதப்பட்டதைப் படித்தே தமிழ் கற்கும் கணினிக்கு, எழுதாத சொல் இல்லாத சொல்தான்.

தொழில்நுட்பம் மொழியை மாற்றுகிறது என்கிறோம். எந்தப் பக்கம் மாற்றுவது என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். அவருடைய ‘வேலைக்காரி’ 1949-இல் திரைக்கு வந்தது. அச்சும் ஒலிபெருக்கியும் சினிமாவும் அன்று எல்லாத் தரப்புக்கும் பொதுவாகவே இருந்தன. அவற்றில் அந்தத் தலைமுறை ஏற்றிய தமிழால்தான் அக்கிராசனர் தலைவரானார், அபேட்சகர் வேட்பாளரானார்.

சொற்களை அகராதியில் அடைத்தால் பிழைத்துவிடுமா என்று கேட்கலாம். அகராதி மட்டும் போதாதுதான். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தொகுத்ததோடு நிற்காமல் கதைகளிலும் புழங்கவிட்டார். அதனால்தான் கரிசல் மண்ணை மிதிக்காதவர்களுக்கும் அவை பழக்கமாயின. நெசவாளர் பட்டினியை ரகுநாதன் 1953-இல் ‘பஞ்சும் பசியும்’ நாவலாக்கினார். காஞ்சிப் பட்டுத் தறியும் அப்படி எழுதப்பட வேண்டும்.

நெசவாளிக்குக் கூலிதானே முதல் கவலை என்பது இதைவிட நியாயமான கேள்வி. கூலியும் இந்தச் சொற்களோடு பின்னிக்கிடக்கிறது. காஞ்சிபுரம் பட்டு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனாலும் கோர்வை என்றால் என்னவென்று தெரியாத வாடிக்கையாளரிடம் விசைத்தறிச் சேலையை அதே பெயரில் விற்றுவிட முடிகிறது. பெயர் தெரிந்தவர்தான் கேட்டு வாங்குவார், அந்த உழைப்புக்கு விலையும் கொடுப்பார். ஆகவே கைத்தறித் துறையும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் மூத்த நெசவாளர்களைத் தறியருகிலேயே சந்தித்து, சொல்லையும் ஒலியையும் கருவியின் படத்தையும் பதிந்து, எவரும் எடுத்தாளும்படி இலவசமாக வெளியிட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொரு சேலையின் ரசீதிலும் அது நெய்யப்பட்ட முறையின் பெயரைத் தமிழில் அச்சிடுவதை இந்தத் தீபாவளி விற்பனையிலிருந்தே தொடங்கலாம்.