பறவைக்கு இடம் விட்டு வாசித்தவர்கள்



கச்சேரி என்றால் கதவைச் சாத்திய அரங்கம் என்று பழகிவிட்டோம். வெளிச்சத்தம் உள்ளே வந்தால் முகம் சுளிக்கிறோம். அந்தச் சத்தத்தைத் தேடிப் போய், திறந்தவெளியில் உட்கார்ந்து, அதற்கு ஏற்ப மனோதர்மமாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச ஆசை.

இங்கிலாந்தில் சர்ரே வட்டாரத்து ஆக்ஸ்டெட்டில் செல்லோ கலைஞர் பீட்ரிஸ் ஹாரிசனின் வீடு இருந்தது. மே மாத இரவுகளில் அவர் தோட்டத்தில் அமர்ந்து சாதகம் செய்வார். புதருக்குள்ளிருந்து நைட்டிங்கேல் என்ற பறவை குரல் கொடுக்கும். தன் வாத்தியத்துக்குத்தான் அது பதில் சொல்கிறது என்று அவர் நம்பினார். நாடே இதைக் கேட்க வேண்டும் என்று பிபிசி வானொலியை நடத்திய ஜான் ரீத்திடம் போய் நின்றார். தயங்கிய ரீத் கடைசியில் இணங்க, 1924 மே 19 இரவு தோட்டத்துக்கு மைக் வந்தது. ஹாரிசன் வாசித்துக்கொண்டே இருந்தார். பறவை வாய் திறக்கவில்லை. நிகழ்ச்சி முடியும் தறுவாயில்தான் பாட்டு எழுந்தது. அன்று பாடியது பறவையா, பறவைபோல் குரல் எழுப்பும் கலைஞரா என்ற சந்தேகம் அண்மையில் கிளம்பியிருக்கிறது. ஆனால் அந்த ஒலிபரப்பு 1924க்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. மைக் வருவதற்கு முன்பே அவர் வாசித்த தோட்டத்து இரவுகளை அந்தச் சந்தேகம் தொடவும் இல்லை.

நம் காலத்தில் அமெரிக்கரான டேவிட் ரோதன்பெர்க் கிளாரினெட்டோடு பெர்லின் பூங்காக்களுக்கு நைட்டிங்கேல்களோடு சேர்ந்து வாசிக்கப் போகிறார். அந்த ஊர் நைட்டிங்கேல்கள் போக்குவரத்து இரைச்சலுக்கு ஈடுகொடுத்து உரக்கப் பாடுபவை. வார நாள் காலைகளில் இன்னும் உரக்க, வார இறுதியில் சற்றே தணிந்து. ஹென்ரிக் ப்ரூம் என்ற ஆய்வாளர் இதை அளந்து 2004இல் எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. ஆண் நைட்டிங்கேல் சில விநாடிகள் பாடும், சில விநாடிகள் நிறுத்தும். அந்த இடைவெளியில் பக்கத்து ஆண் பாடினால் பாதகமில்லை. பாடிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே பாடினால் அது வம்புக்கு இழுப்பதாம்! அங்கே வாத்தியத்தோடு போகிறவருக்கு விரல் வேகத்தைவிடக் கார்வை முக்கியமாகிவிடுகிறது. ஸ்தாயியும்தான். பறவை உச்சத்தில் நின்றால் செல்லோவுக்குக் கீழே இடம் தாராளம். காட்டு ஒலிகளைப் பல்லாண்டு பதிவு செய்த பெர்னி க்ராஸ், ஒவ்வொரு உயிரும் தனக்கென ஓர் ஒலி வரம்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்கிறார். ‘இடம் விட்டு வாசிக்கிறார்’ என்று மிருதங்கக்காரரை மெச்சுவோமே, அந்தப் பக்குவம் இங்கே முதல் பாடம்.

குயிலோசையைப் பதிவு செய்து, அதை ஓடவிட்டு மேலே வாசிப்பதை நான் இதில் சேர்க்கமாட்டேன். அந்தக் குயிலுக்கு நம் வாசிப்பு கேட்காது. பிடிக்காவிட்டால் எழுந்து பறக்கவும் முடியாது.

நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிக்கிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஒரு விடியலில் மொட்டைமாடிக்கோ கண்மாய்க் கரைக்கோ போய், முதலில் வெகுநேரம் கேட்டுவிட்டு, பிறகு வாசித்துப் பாருங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். பறவைகள் பாட்டை நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். என்ன நடந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஊர், எந்த நேரம், யார் முதலில் தொடங்கினார் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்