பழுப்பு என்றால் வாடலா?



பிள்ளைகளின் திருமணத்தை ஊரில் வைப்பதா, பிழைக்க வந்த நகரத்தில் வைப்பதா என்பதே ஒரு காலத்தில் நம் வீடுகளின் பெரிய கேள்வியாக இருந்தது. இப்பொழுது மேடைக்கு எந்த நிறப் பூ என்பதும் ஒரு கேள்வியாகிவிட்டது. மணப்பெண்கள் பலர் பழுப்பு நிறத்தைக் கேட்கிறார்கள். காப்பி, மணல், வெண்கலம், செம்பழுப்பு என்று அதற்குள் பல சாயல்கள் உண்டு. தாய்மாருக்கோ அந்தச் சொல்லே உறுத்துகிறது. பழுத்த இலையின் நிறமல்லவா பழுப்பு? மங்கல நாளில் வாடிய பூவையா வைப்பது என்று கலங்குகிறார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால் இம்மாதம் இதைக் குறித்தே எழுதுகிறேன்.

என் தமக்கையின் மூத்த மகளுக்கு மும்பையில், மே மாதத்தில் திருமணம் நடந்தது. அலங்காரம் செய்பவர் கைப்பேசியில் காட்டிய படத்தை நம்பி, வெளிநாட்டிலிருந்து வரும் காப்பி நிற ரோஜாவுக்கு, சீட்டு எடுத்த பணத்தில் முன்பணம் கொடுத்தார்கள். அன்றைக்கு மண்டபத்தில் வெள்ளைக் குழல்விளக்குகள். மேடைக்குப் பின்னே கரும்பழுப்புத் திரை. பூக்கள் திரையோடு திரையாய் மறைந்து போயின. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சின்ன அத்தை, "ஏட்டி, பூ நேத்து வாங்குனதா?" என்று கேட்டார்கள். தமக்கை பதில் பேசவில்லை. அதைவிடத் துயரம், செண்டிலிருந்த ரோஜாக்களில் சில சாயம் ஏற்றியவை. அவற்றின் ஈரம் மணப்பெண்ணின் வெண்பட்டில் இடுப்பருகே கறையாய்ப் படிந்தது. அந்தக் கறை இன்றும் போகவில்லை.

குறை நிறத்தில் இல்லை. தேர்ந்தெடுத்த முறையில் இருந்தது. பூக்களில் பழுப்பு அரிது. மஞ்சள் தரும் நிறமியின்மேல் சிவப்பு, ஊதா தரும் நிறமி படியும்போதோ, பச்சையத்தோடு அது கலக்கும்போதோதான் நம் கண்ணுக்குப் பழுப்பாகத் தோன்றுகிறது. ஆகவே பழுப்புப் பூ என்று கேட்டால் எளிதில் கிடைக்காது. சாயம் பூசியதே பெரும்பாலும் கைக்கு வரும். பூவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நம் கைக்கெட்டுவனவற்றுள் முதலாவது சாமந்தி. வெண்கல நிறச் சாமந்தி குளிர்காலத்தில் மலிவாகவும் செழிப்பாகவும் வரும். நீரில் வைத்தால் பல நாள் நிற்கும். அடுத்தது, இதழோரம் மஞ்சளும் நடுவே செம்பழுப்பும் கொண்ட சிறிய துலுக்கச் சாமந்தி. கருவிழிபோல் நடுவட்டமுள்ள சூரியகாந்தியும் பழுப்புக்கு நல்ல துணை. சற்றுச் செலவு செய்யக் கூடியவர்கள் ஆந்தூரியத்தில் பழுப்பு வகையைக் கேட்கலாம். அது வெப்பத்தைத் தாங்கும். ஆனால் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கெட்டுப்போகும். சிக்கிம், டார்ஜிலிங் மலைகளில் வளரும் சிம்பிடியம் ஆர்க்கிட்டில் பழுப்புச் சாயல் உண்டு, வாரக்கணக்கில் வாடாது. வெளிநாட்டுப் படங்களில் காணும் காப்பி நிற டாலியாவோ வெப்பத்துக்கு அஞ்சுவது. மே மாதத் திருமணத்துக்கு அதை விரும்புவது வீண் செலவு.

இரண்டாவது வழி, உலர்ந்த பொருள்கள். தாமரைக் காய், பைன் காய், கோதுமைக் கதிர், சோளக்கதிர், பாக்குப் பாளை ஆகியவற்றுக்குப் பழுப்பே இயற்கை நிறம். இவற்றை ஒரு மாதம் முன்பே வாங்கி வைக்கலாம்; திருமண நாளில் வாடிவிடுமோ என்ற அச்சமும் இல்லை. நெட்டிப் பூவையும் மறக்க வேண்டாம். நீர்ச்செடியின் மென்மையான வெண்தண்டை இழைத்துச் செய்யும் இக்கலை நம்முடையது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தில் இதையே சோலா என்பார்கள். தேயிலை வடிநீரில் தோய்த்து நன்றாக உலர்த்தினால் இளம்பழுப்பு ஏறும். ஓர் எச்சரிக்கை: உலர்ந்தவை எளிதில் தீப்பற்றும். மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தருகே அவற்றை வைக்கவே கூடாது.

இனி, வைக்கும் முறை. முழுவதும் பழுப்பாக வைத்தால் சோர்வாகத்தான் தோன்றும். பாதி பாலாடை நிறம், மூன்றில் ஒரு பங்கு பழுப்பு, மீதி இளஞ்சிவப்போ ஆரஞ்சோ என்று பிரித்துப் பாருங்கள். அதனுடன் கட்டாயம் பசிய இலை வேண்டும். பக்கத்தில் பச்சை இருந்தால்தான் பழுப்பு வாடலாகத் தோன்றாமல் நிறமாகத் தோன்றும். பின்திரை வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ இருக்கட்டும். விளக்கு மஞ்சள் ஒளி தருவதாக இருக்கட்டும். வெள்ளொளியில் பழுப்பு சேறுபோல் மங்கிவிடும். நம் மணப்பெண்கள் பலர் கூந்தலில் பூச்சூடுவதில்லை. கையில் ஏந்தும் செண்டே எல்லாருடைய கண்ணிலும் படும் என்பதால், வெண்சேலையின்முன் அது எப்படித் தெரிகிறது என்பதை முன்னரே பார்த்துவிட வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை சில. ஒவ்வொரு வகையிலும் நாலைந்து தண்டு வாங்கி, மண்டபத்துக்கே கொண்டுபோய், திருமணம் நடக்கும் அதே நேரத்தில், அதே விளக்கின்கீழ், சேலைத் துணியோடு சேர்த்துப் பாருங்கள். இதழை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் சாயம் ஏற்றியதா என்பது தெரிந்துவிடும். அலங்காரக்காரரிடம் பூவின் பெயர், எண்ணிக்கை, கிடைக்காவிட்டால் மாற்றாக எது என்பதை எழுதி வாங்குங்கள். மும்பையில் தாதர், பெங்களூரில் கே.ஆர். மார்க்கெட், டெல்லியில் காஜிப்பூர் ஆகிய சந்தைகளுக்கு விடியற்காலையில் நேரில் சென்றால் விலையும் தரமும் கண்கூடாகும். வாங்கிய பூக்களின் தண்டைச் சாய்வாக வெட்டி, நீருக்குள் மூழ்கும் இலைகளைக் களைந்து, ஓர் இரவு முழுவதும் சுத்தமான நீரில் நிறுத்துங்கள். பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் அருகில் இருக்க வேண்டாம். அவை வெளியிடும் வாயு, குறிப்பாகக் கார்னேஷன் பூக்களை விரைவில் வாடச் செய்யும்.

தமக்கையின் இளைய மகளுக்கு டிசம்பரில் திருமணம் கூடிவந்தது. அவளும் பழுப்பையே கேட்டாள். தமக்கைக்கு உள்ளூர நடுக்கம். ஆயினும், மறுப்பதற்குப் பதிலாக மகளோடு அமர்ந்து கணக்குப் போட்டார்கள். வெண்கலச் சாமந்தி, தாமரைக் காய், கோதுமைக் கதிர், நெட்டிப் பூ, நிறையப் பச்சை இலை. திரை சந்தன நிறம். தாய், மகள், பெரியம்மா பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து முந்தின நாள் இரவு கட்டினோம். மூத்தவளின் மேடைக்கு ஆன செலவில் பாதிகூட ஆகவில்லை, கடனும் இல்லை.

சின்ன அத்தை அன்றும் வந்திருந்தார்கள். மேடையருகே வெகுநேரம் நின்று பார்த்தார்கள். என்ன சொல்வார்களோ என்று தமக்கை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏட்டி, அந்தக் கதிரும் காயும் வச்ச செண்டு ஒண்ணு எனக்கு எடுத்து வையி. ஊருக்குக் கொண்டு போறேன்" என்றார்கள்.

அந்தச் செண்டு இன்றும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.